நூற்றுக்கு ரெண்டு வட்டியும் நாலு வரி நிரலும்

பாளையங்கோட்டையில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பத்துப் பன்னிரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணினி நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரும்பாலும் பி.காம். படிப்பவர்கள். கணினியைத் தட்டச்சுக்கும் படம் பார்ப்பதற்கும் தவிர வேறெதற்கும் தொட்டிராதவர்கள். முதல் நாள் நான் கேட்பது ஒரே கேள்வி: "நூத்துக்கு ரெண்டு வட்டின்னா வருசத்துக்கு எவ்வளவு?" கேட்டு முடிப்பதற்குள் "இருபத்துநாலு" என்று பின் பெஞ்சிலிருந்து பதில் வந்துவிடும். நெல்லைச் சீமையில் வட்டி என்றாலே மாத வட்டிதான், நூறு ரூபாய்க்குத்தான். இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் படித்ததில்லை. வீட்டுத் திண்ணையில் காதில் விழுந்து படிந்த கணக்கு.

அடுத்த கேள்வியில்தான் சறுக்குவார்கள். ஒரு லட்ச ரூபாய் பைக் கடன், ஒரு வருடம், 12 சதவீதம் 'ஃபிளாட்' வட்டி. வட்டி 12,000-ஐ அசலோடு சேர்த்துப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத் தவணை 9,333 ரூபாய். தெருவில் வாங்கும் ரெண்டு வட்டிக் கடனோடு ஒப்பிட்டால் எது மலிவு? "இது பாதிதானே சார்" என்பார்கள் எல்லோரும்.

பாதி இல்லை. முதல் தவணை கட்டிய அன்றே அசலில் ஒரு பகுதி திரும்பிப் போய்விடுகிறது. ஆறு தவணை கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய பாதிதான் கையில் இருக்கும், பன்னிரண்டாவது மாதம் வரும்போது எட்டாயிரம், ஒன்பதாயிரம்தான் பாக்கி. வட்டி மட்டும் கடைசி வரை முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. உண்மை வட்டியைக் கண்டுபிடிக்க ஒரு தராசை நினைத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் இன்றைய லட்ச ரூபாய். மறு தட்டில், இனி வரப்போகும் பன்னிரண்டு தவணைகளும் இன்றைய மதிப்புக்குக் குறைக்கப்பட்டு. மாதம் 1 சதவீதம் என்று வைத்துக் குறைத்தால் மறு தட்டு 1,05,047 காட்டும், கனம் கூடுதல். 2 சதவீதம் வைத்தால் 98,703, குறைந்துபோகும். இடையில் 1.5 வைத்தால் 1,01,803. இன்னும் கொஞ்சம் ஏற்றி 1.75 வைத்தால் 1,00,236. இப்படியே நெருக்கிக்கொண்டு போனால் 1.79-இல் தட்டு நேர் நிற்கும். வருடத்துக்கு 21.5 சதவீதம். தெரு வட்டிக்கும் கம்பெனி வட்டிக்கும் நடுவே இருந்ததாக நினைத்த பள்ளம், இரண்டரைப் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

கையில் கணக்குப் போட்டால் இது அரை மணி நேர வேலை. 'ஆர்' என்ற நிரல் மொழியில் நாலு வரி. தவணைகளை ஒரு வரிசையாக எழுது, அவற்றை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் எண்களை, அதாவது தள்ளுபடிக் காரணிகளை, இன்னொரு வரிசையாக எழுது, இரண்டையும் பெருக்கிக் கூட்டு. ஆரிலேயே தயாராக இருக்கும் 'யூனிரூட்' என்ற சார்பிடம் "தட்டு எங்கே நேர் நிற்கிறது, தேடிச் சொல்" என்று விட்டுவிடு. அன்றைக்கு வகுப்பில் யாருக்கும் நிரல் கற்ற மாதிரி இருக்காது. ஒரு ஏமாற்றைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி இருக்கும். நிதிப் பாடத்தையும் நிரலையும் ஒன்றாகச் சொல்லிக்கொடுக்க நான் நினைத்ததே இதற்காகத்தான்.

ஆர் ஏன், பைத்தான் மொழி ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும். வேலை வாய்ப்புக்கென்றால் பைத்தான்தான் முதலில் என்று நானே சொல்வேன். ஆனால் ஆர் பிறந்ததே புள்ளியியல் பாடம் நடத்த. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் தங்கள் மாணவர்களுக்காக எழுதியது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழு 1976-இல் தொடங்கிய 'எஸ்' மொழியின் வாரிசு. எஸ்ஸுக்கு முந்தைய எழுத்து ஆர், இரண்டு பேரின் முதலெழுத்தும் ஆர், அதனால் அந்தப் பெயர். 1995-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவிட்டார்கள். காசு கிடையாது, பழைய மடிக்கணினியிலும் ஓடும், ஒரு தடவை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். முதல் முழுப் பதிப்பு வந்த நாள் 2000 பிப்ரவரி 29. நூற்றாண்டு முடியும் வருடம் பொதுவாக லீப் வருடம் ஆகாது, 400-ஆல் வகுபட்டால் மட்டும் ஆகும். தினவட்டிக் கணக்கில் 365-ஆ 366-ஆ என்று அடித்துக்கொள்பவர்களுக்கு அந்தத் தேதி பிடிக்கும்.

எனக்குப் பெரிய காரணம் வேறு. ஆரில் தனி எண் என்று ஒன்று கிடையாது. எல்லாமே வரிசை, ஒற்றை எண்ணும் ஒரு நீள வரிசைதான். நிதியிலும் அப்படித்தானே? கடன் என்பது தவணைகளின் வரிசை, சேமிப்பு என்பது கட்டிய தொகைகளின் வரிசை. கணக்கு நோட்டில் மேலிருந்து கீழாக எழுதிய பத்தியை அப்படியே எடுத்து, முழுப் பத்தியையும் ஒரே அடியில் பெருக்கலாம், கூட்டலாம். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் சுழல் கட்டளை எழுதத் தெரியாதவன்கூட முதல் நாளே உருப்படியான விடையோடு வீட்டுக்குப் போகலாம். எண்ணிக்கையும் நம்மைப் போல ஒன்றில் தொடங்குகிறது. முதல் மாதம் என்றால் முதல் மாதம்தான், பூச்சிய மாதம் இல்லை.

சரி, குழிகளும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் முதலில் விழுவது லட்சத்தில். பழக்கதோஷத்தில் 1,00,000 என்று காற்புள்ளியோடு எழுதி வரிசைக்குள் போட்டால், ஆர் அதை மூன்று எண்களாக எடுத்துக்கொள்ளும்: ஒன்று, பூச்சியம், பூச்சியம். பிழை என்று கத்தவும் செய்யாது. லட்சம் ஒரு ரூபாய் ஆகிப்போகும், கணக்கு அமைதியாக ஓடும். காற்புள்ளி இல்லாமல் எழுதினாலோ ஒன்று, ஒரு 'ஈ', ஒரு கூட்டல் குறி, பூச்சியம், ஐந்து என்று விடை வரும். அது அறிவியல் குறியீட்டில் லட்சம்தான் என்று சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் போகும். இதைவிட ஆபத்தானது இன்னொன்று. பன்னிரண்டு தவணை வரிசையையும் ஆறு எண்கள் உள்ள வரிசையையும் கூட்டச் சொன்னால், ஆறை இரண்டு தடவை ஓட்டி மௌனமாகக் கூட்டிவிடும். பன்னிரண்டும் ஐந்தும் என்றால் எச்சரிக்கும், ஆறு என்றால் எச்சரிக்காது, ஏனென்றால் சரியாக வகுபடுகிறது. தெரிந்து பயன்படுத்தினால் வசதி. தெரியாவிட்டால் அரை வருட வட்டி முழு வருடத்துக்கும் பரவிக் கிடக்கும். எந்தக் கணக்குக்கு முன்னாலும் வரிசையின் நீளத்தை, 'லெங்த்', பார்க்கச் சொல்கிறேன். பாதிப் பேர் பார்ப்பதில்லை.

இரண்டாவது வாரம் தினத் தண்டல். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேச்சு. கையில் கொடுப்பது 8,500. நாள் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பதினஞ்சு பெர்சன்ட் சார்." போன வாரத் தராசில் தவணை வரிசையை மட்டும் மாற்றினால் போதும். நாளுக்கு 0.33 சதவீதம் என்று நிற்கும், வருடத்துக்கு 121. வட்டிக்கு வட்டி சேர்க்காமலே 121. கந்துவட்டி, தின வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டி தடைச் சட்டம். இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டி நெருக்கடியால் ஒரு குடும்பமே, இரண்டு குழந்தைகளோடு, தீயில் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் கணக்கை மட்டும் போட்டுக்காட்டிவிட்டு வேறு எதுவும் பேசுவதில்லை.

வங்கிக் கடனுக்கு இப்போது ஒரு நல்ல வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகத் தரும் சில்லறைத் தவணைக் கடன் எல்லாவற்றுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். வீட்டில் யாராவது கடன் வாங்கியிருந்தால் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்வேன். அதிலுள்ள எண்ணும் நம் நாலு வரி தரும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் நம் நிரலில்தான் தப்பு. எங்கே தப்பு என்று தேடுவதைவிட நல்ல வீட்டுப்பாடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் ஏலச்சீட்டு. எனக்குப் பிடித்த பாடம் இது. இதை விட்டுவிட்டுப் பங்குச்சந்தைக்குத் தாவும் நிதிப் பாடங்கள்மேல் எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பத்துப் பேர், பத்து மாதம், ஆளுக்கு ஆயிரம். முதல் மாதச் சீட்டு நடத்துபவருக்கு, தள்ளுபடி இல்லாமல் முழுப் பத்தாயிரம். இரண்டாவது மாதத்திலிருந்து ஏலம். பணம் அவசரமாகத் தேவைப்படுபவர் 2,000 தள்ளி 8,000 எடுத்துக்கொள்கிறார். தள்ளிய இரண்டாயிரம் பத்துப் பேருக்கும் இருநூறு இருநூறாகப் பிரிய, அந்த மாதம் ஆளுக்கு 800 கட்டினால் போதும். போகப்போகத் தள்ளு குறையும்: 1,800, 1,600, 1,400, 1,200, 1,000, 700, 400, கடைசி மாதம் ஒன்றுமில்லை. பத்து மாதத்தில் ஒவ்வொருவரும் கட்டும் மொத்தம் 8,990 ரூபாய்.

இதை ஆரில் மூன்று வரிசைகளாக எழுதுகிறோம். ஒவ்வொன்றும் ஒரு ஆளின் பத்து மாதம். இரண்டாவது மாதம் எடுத்தவர் 8,000 வாங்கி 8,990 கட்டுகிறார். "990 ரூபாய்தானே போச்சு" என்று தோன்றும். தராசில் வைத்தால் மாதம் 3.4 சதவீதம். நூற்றுக்கு மூணேகால் வட்டிக்கு மேலே. கடைசி வரை காத்திருந்து பத்தாயிரம் எடுத்தவருக்குக் கிடைப்பது மாதம் 2.4 சதவீதம், வருடத்துக்கு 28-க்கும் மேல். எந்த வங்கி வைப்பும் பக்கத்தில் வராது. நடத்துபவரோ முதல் மாதமே பத்தாயிரம் எடுத்துக்கொண்டு 8,990 கட்டுகிறார். அவருடைய கடனுக்கு வட்டி பூச்சியத்துக்கும் கீழே.

இங்கே ஒரு மாணவி எப்போதும் கேட்பாள், ஒவ்வொரு வருடமும் வேறு மாணவி: "அப்போ சீட்டு நடத்துறவங்க சும்மா சம்பாதிக்குதாங்களா?" இல்லை. யாராவது எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால் அந்தப் பணத்தை அவர் போட வேண்டும். ஆயிரத்துப் பத்து ரூபாய் அந்தப் பொறுப்பின் கூலி. பதிவு செய்த நிறுவனங்கள் இதையே கமிஷன் என்று வெளிப்படையாக எழுதுகின்றன. 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் அதற்கு 5 சதவீத உச்சவரம்பு வைத்திருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது. தெருச் சீட்டில் அந்தச் சட்டம் இல்லை, முகம்தான்.

முகத்தை நம்புவது என்றால், சீட்டு நடத்துபவரே ஓடிப்போனால்? நான்காவது வாரம் அதுதான். மாதாமாதம் சீட்டு கவிழ்வதற்கு நூற்றில் இரண்டு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். கவிழ்ந்தால் அதுவரை கட்டியது எல்லாம் போச்சு. கடைசி ஆளாக நிற்பவரின் கதையைக் கணினியைக்கொண்டு பத்தாயிரம் தடவை நடத்திப் பார்க்கலாம். 'சாம்பிள்' சார்பு காசு சுண்டிவிடுகிறது, 'ரெப்ளிகேட்' அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. அதற்கு முன் 'செட் சீட்' என்று ஒரு வரி எழுத வேண்டும், எல்லோருக்கும் ஒரே குலுக்கல் வருவதற்காக. இந்தச் 'சீட்' விதை, அந்தச் சீட்டு வேறு என்று சொன்னாலும் யாரும் நம்புவதில்லை.

பத்தாயிரம் விடைகளின் சராசரி எடுத்தால் லாபம் 130 ரூபாயை ஒட்டி வருகிறது. சராசரிக்கான சார்பின் பெயர் 'மீன்'. உவரிப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் அன்றிலிருந்து "இன்னைக்கு மீன் என்ன விலை சார்?" என்றுதான் கேட்பான். ஆனால் விடைகளை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை, இடைநிலையை, 'மீடியன்', எடுத்தால் 1,010 வருகிறது. ஒரே சீட்டு, ஒரே குலுக்கல், இரண்டு விடை. எது பொய்? இரண்டும் மெய்தான். நூற்றில் எண்பத்து மூன்று சீட்டு நல்லபடியாக முடிந்து 1,010 ரூபாய் லாபம் தருகிறது. மீதி, ஆறில் ஒன்று, கவிழ்ந்து ஆயிரத்திலிருந்து எட்டாயிரம் வரை முழுங்குகிறது. 130 ரூபாய் லாபம் பார்த்த மனிதர் ஒருவர்கூட அந்தப் பத்தாயிரத்தில் இல்லை. படமாக வரைந்தால் வலது ஓரத்தில் ஒரு பெரிய தூண், இடது பக்கம் நெடுகச் சின்னச் சின்னக் குச்சிகள். வாய்ப்பை நூற்றில் மூன்றாக மாற்றினால் சராசரி 240 ரூபாய் நட்டம். 'மீடியன்' அப்போதும் அசையாமல் 1,010 என்றே சொல்லும்.

இடர் என்ற சொல்லுக்குப் பாடப்புத்தகத்தில் வரையறை இருக்கிறது, திட்ட விலக்கம் என்று, அதாவது விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு. அதை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் அது எதைப் பற்றியது என்று தெரிகிறது.

விலை ஏற்ற இறக்கத்துக்குப் புளியங்குடி எலுமிச்சையும் சங்கரன்கோவில் பூச்சந்தையும் போதும். முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ ஏறுவதும் மறுநாள் இறங்குவதும் எல்லோருக்கும் தெரியும். நூறு ரூபாய்ப் பழம் ஐம்பதாகிறது, 50 சதவீதம் சரிவு. அப்புறம் 50 சதவீதம் ஏறினால்? 75. சரிந்த சதவீதமே ஏறினாலும் பழைய இடத்துக்கு வராது. அதனால்தான் நிதிக் கணக்கில் விலைகளின் மடக்கை (லாகரிதம்) எடுத்து வித்தியாசம் பார்க்கிறார்கள். நூறிலிருந்து ஐம்பதுக்குக் கழித்தல் 0.693, ஐம்பதிலிருந்து நூறுக்குக் கூட்டல் 0.693, கூட்டினால் பூச்சியம். ஆரில் 'லாக்', 'டிஃப்' என்று இரண்டு சொல். பதினொன்றாம் வகுப்பில் மடக்கை எதற்கு என்று கேட்டுப் பதில் கிடைக்காதவர்களுக்கு இது தாமதமாக வந்த பதில். சந்தை விடுமுறை நாளில் விலை இருக்காது, அங்கே 'என்ஏ' என்று நிற்கும். ஒரே ஒரு 'என்ஏ' இருந்தாலும் சராசரியும் 'என்ஏ' என்றுதான் வரும். ஆரின் இந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும். தெரியாததைத் தெரியாது என்கிறது.

பங்குகளுக்கு ஆறாவது வாரம்தான் வருவோம், அதுவும் அவசரமில்லாமல். 'குவான்ட்மாட்' என்ற தொகுப்பைப் போட்டால் விலை வரலாறு இணையத்திலிருந்து இறங்கிவிடும். பிள்ளைகள் ஊர்ப் பெயராகத் தேடுவார்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி 2022 செப்டம்பரில் பங்குச்சந்தைக்கு வந்த தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, தாழையூத்தில் 1949-இல் முதல் ஆலையை ஓட்டிய இந்தியா சிமென்ட்ஸ். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒன்று ஏறும்போது மற்றது என்ன செய்கிறது என்று பார்ப்பது நல்ல பயிற்சி. நாளைக்கு எது ஏறும் என்று நிரல் சொல்லும் என எதிர்பார்த்து வருபவர்கள் அந்த வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். பங்கு வாங்கி விற்கும் நூறு உத்திகளைப் பழைய விலையில் ஓட்டினால் நாலைந்து அபாரமாக ஜெயிக்கும், காசு சுண்டினாலும் அப்படித்தான். இன்றைக்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளை மட்டும் எடுத்து இருபது வருடம் பின்னால் போனால், இடையில் மூடிப்போனவை கணக்கில் வராமல் எல்லாமே லாபமாகத் தெரியும். சீட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: கவிழ்ந்த சீட்டை விட்டுவிட்டு எண்ணுவது மாதிரி.

போன வருடம் முக்கூடலிலிருந்து வந்த ஒரு மாணவி, அம்மா பீடி சுற்றுபவர், சீட்டு நிரலை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அடுத்த சனிக்கிழமை ஒரு கேள்வியோடு வந்தாள். "நூத்துல ரெண்டுன்னு நீங்களா வச்சுக்கிட்டீங்க சார். எங்க தெருவுல சீட்டு நடத்துற அக்கா இருபது வருசமா நடத்துதாங்க. ஒரு தடவகூடத் தவறல. அப்போ பூச்சியந்தானே போடணும்?"

நல்ல கேள்வி. இருபது வருடம் என்றால் 240 மாதம், கவிழ்ந்தது பூச்சியம். அதனால் வாய்ப்பு பூச்சியம் என்று ஆகிவிடாது. வாய்ப்பு எவ்வளவு வரை இருந்திருந்தாலும் இந்த 240 மாதம் சேதமில்லாமல் ஓடியிருக்கக்கூடும் என்று திருப்பிக் கேட்க வேண்டும். புள்ளியியலில் இதற்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: மூன்றை எண்ணிக்கையால் வகு. 3-ஐ 240-ஆல் வகுத்தால் 1.25 சதவீதம். சரிபார்க்க ஆரில் ஒரு வரி போதும்: 0.9875-ஐ 240 தடவை பெருக்கினால் 0.049. அதாவது வாய்ப்பு 1.25 சதவீதமாக இருந்திருந்தால் இப்படி ஒரு சுத்தமான இருபது வருடம் நடப்பது நூற்றில் ஐந்து தடவைதான். அதற்கு மேல் இருக்கும் என்று நினைப்பது கடினம். 1.25-ஐ நிரலில் போட்டு ஓட்டினோம். கடைசி ஆளின் சராசரி லாபம் 440 ரூபாய்க்கு ஏறியது, கவிழ்வது பத்தில் ஒன்றாகக் குறைந்தது. அவளுக்குச் சந்தோஷம். அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று எண்ணைக் கையில் எழுதிக்கொண்டாள்.

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சார், தை மாசத்துல இருந்து அக்கா நடத்தல. அவங்க மகன்தான் நடத்தப்போறாங்களாம். அப்போ இந்த 240-ஐ என்ன செய்ய?"